இஸ்பஹான் பேராலயமும் அரண்மனைக்காரன் தெருவும்

சென்னை உயர்நீதிமன்றத்திற்கு எதிரே, பாரிமுனையை ஒட்டி வடக்கே செல்லும் தெரு ஒன்றுக்கு 'அரண்மனைக்காரன் தெரு' என்று பெயர். பெயரைக் கேட்டு அரண்மனை தேடிச் செல்வார் ஏமாறுவர். கடைகளும் கைவண்டிகளும் நெருக்கும் அத்தெருவில் அரண்மனை எதனையும் காண்பதற்கில்லை. ஆங்கிலத்தில் அதன் பெயர் உண்மையைச் சொல்லிவிடும். அது 'ஆர்மீனியன் தெரு'. ஆர்மீனியன் என்னும் அயற்சொல் தமிழ் நாவில் புரண்டு அரண்மனைக்காரன் ஆயிற்று. சொல் திரியும் வகையை விளக்கும் வகுப்பில் மாணவரைச் சிரிக்க வைப்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது. நானும் பல்லாண்டுகள் சிரிப்புக்காகவே இதனைச் சொல்லி வந்தேன். பின்னர் ஒருநாள் அச்சிரிப்பு நின்றது. அது நின்ற கதையும், அதன்பின் எழுந்த எண்ணங்களுமே இக்கட்டுரை.

தருமபுரியிலிருந்து சென்னைக்குக் கல்விச் சுற்றுலா என்றால் மொரப்பூரில் இரயிலேறுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவ்வாறு அழைத்துச் சென்ற மாணவர் சிலருடன், எழும்பூர் அருங்காட்சியகத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் முதல்நாள் பார்த்து முடித்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அத்தெருவுக்குச் சென்றேன். விடுமுறை நாளாதலின் கடைகள் அடைத்திருந்தன. தெருவே ஓய்ந்து கிடந்தது. நீண்ட வெண்சுவரின் நடுவே கனத்த மரக்கதவு. வாயிலின்மேல் 1712 என்னும் எண். உள்ளே நுழைந்ததும் நகரத்தின் ஓசை அறுந்து போயிற்று. ஈழத்தலரி மரங்கள் பூவுதிர்த்த முற்றம். வளைவுகள் தாங்கிய தாழ்வாரம். காலடியில் எழுத்துப் பொறித்த கல்லறைப் பலகைகள். அவ்வளாகத்தில் ஏறத்தாழ 350 ஆர்மீனியர் அடக்கம் செய்யப்பெற்றுள்ளனர். ஆலயத்தை ஒட்டாது தனியே நிற்கும் மூன்று அடுக்கு மணிக்கோபுரத்தில் ஆறு மணிகள். நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே அவை ஒலித்தன. ஆனால் மணியோசை கேட்டு வழிபட வந்தார் எவருமிலர். பென்னாகரம் பகுதியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஐயா, கும்பிட ஆளே இல்லாத கோயிலுக்கு மணி எதற்கு?" என்று கேட்டார். வகுப்பில் விடை சொல்லிப் பழகிய எனக்கு அங்கே விடை வரவில்லை.

விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அத்தெருவின் கதை சென்னையில் தொடங்கவில்லை என்பது தெரிந்தது. அது ஈரான் நாட்டு இஸ்பஹான் நகரில், ஸாயந்தே ஆற்றின் தென்கரையில், புதிய ஜுல்ஃபா என்னும் ஆர்மீனியர் பகுதியில் நிற்கும் பேராலயம் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. திருமீட்பர் பேராலயம் என்பது அதன் முறையான பெயர். மக்கள் வழக்கில் 'வாங்க்'. ஆர்மீனிய மொழியில் அச்சொல் துறவியர் மடத்தைக் குறிக்கும்.

பேராலயம் என்னும் சொல்லை ஈண்டுச் சற்று விளக்குதல் வேண்டும். அளவிற் பெரிய தேவாலயம் என்று பலரும் பொருள் கொள்கின்றனர். அது பிழை. ஆயரின் இருக்கை எவ்வாலயத்தில் உள்ளதோ அதுவே பேராலயம். நம் தருமபுரியே சான்று. சேலம் மறைமாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த இப்பகுதி 1997ஆம் ஆண்டில் தனி மறைமாவட்டம் ஆயிற்று. அதனால் தருமபுரித் திரு இருதய ஆலயம் பேராலயம் ஆயிற்று. சுவரின் நீளமும் கோபுரத்தின் உயரமும் மாறியதால் வந்த பெயரன்று அது. இம்முறையில் நோக்கின் சென்னை ஆர்மீனிய ஆலயம் பேராலயம் ஆகாது. அதற்குத் தாயாக நின்று, நெடுங்காலம் இந்திய ஆர்மீனியருக்குக் குருமாரை அனுப்பி வைத்தது இஸ்பஹான் பேராலயமே.

ஆர்மீனியர் எத்தகைய கிறித்தவர் என்னும் ஐயமும் எழலாம். கி.பி. 301இல் தம் அரசன் காலத்தில் நாடே கிறித்தவத்தைத் தழுவியது என்பது அவர்தம் மரபு. 451ஆம் ஆண்டு கால்சிதோன் என்னுமிடத்தில் கூடிய சங்கத்தின் முடிவுகளை ஏற்காத கீழைத் திருச்சபைகளுள் அவர்களுடையதும் ஒன்று. எகிப்தின் காப்டிக் திருச்சபை, சிரியத் திருச்சபை, எத்தியோப்பியத் திருச்சபை, நம் அண்டை மாநிலத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஆகியன அவர்களோடு ஒரே குடும்பம். உரோமாபுரியின் ஆட்சிக்கும் உட்படாது, கான்ஸ்டான்டிநோபிளின் தலைமைக்கும் உட்படாது நிற்பவர் இவர். மலையாள நாட்டில் வேரூன்றிய கீழை மரபைக் கேட்டறிந்த நமக்கு, அதன் உறவினர் ஒருவர் சென்னைப் பாரிமுனையில் இருப்பது தெரியாமற் போயிற்று.

இனி இஸ்பஹானுக்குச் செல்வோம். ஆர்மீனியர் அந்நகருக்கு விரும்பி வந்தவர் அல்லர். அராஸ் ஆற்றங்கரையில் ஜுல்ஃபா என்னும் செழிப்பான வணிக நகரம் அவர்களுக்கு இருந்தது. உதுமானியருக்கும் சஃபவியருக்கும் இடையே நடந்த போரில், பகைவர் கையில் எதுவும் சிக்கலாகாது என்று கருதிய ஷா அப்பாஸ், 1604, 1605ஆம் ஆண்டுகளில் அந்நகரை வெறுமையாக்கி மக்களை ஈரானுக்குப் பெயர்த்தார். ஆற்றைக் கடக்கையிலும் நெடுவழியிலும் மாண்டவர் மிகப் பலர். இக்கொடுமையை மறைத்துவிட்டு ஷா அப்பாஸின் பெருந்தன்மையை மட்டும் எழுதுவோர் உளர்; பெருந்தன்மையை மறைத்துக் கொடுமையை மட்டும் எழுதுவோரும் உளர். இரண்டும் அரை வரலாறே. பெயர்த்துக் கொண்டுவந்த மக்களுக்கு அதே மன்னர் ஆற்றங்கரையில் நிலம் அளித்தார், வழிபாட்டுரிமை அளித்தார், ஈரானின் பட்டு வணிகத்தில் பெரும்பங்கும் அளித்தார். இழந்த ஊரின் பெயரையே புதிய ஊருக்கும் இட்டு, 1606ஆம் ஆண்டில் அவர்கள் தம் ஆலயத்தைக் கட்டத் தொடங்கினர். முதலில் சிறியதாக எழுந்த அது, 1655 முதல் 1664 வரை விரித்துக் கட்டப்பெற்று இன்றைய வடிவம் பெற்றது.

அப்பேராலயத்தைப் படத்தில் முதன்முதற் காண்பவர் பள்ளிவாசல் என்றே எண்ணுவர். மண்ணிறச் செங்கற் சுவர்கள், கூர்முனை வளைவுகள், மேலே சஃபவியர் பள்ளிவாசல்களின் சாயலில் வெங்காய வடிவில் குவிந்தெழும் மாடம். உச்சியில் உள்ள சிறு சிலுவையை உற்று நோக்கினாலன்றி வேறுபாடு புலனாகாது. ஆர்மீனியரின் தாயகத்து ஆலயங்கள் இவ்வாறு இருப்பதில்லை. எச்மியாட்சினிலும் பிற ஊர்களிலும் அவர்கள் கருங்கல்லையும் எரிமலைக் கல்லையும் செதுக்கிக் கட்டுவர். நடுமாடத்தின்மேல் எண்கோண உருளையும் அதன்மேல் குடைபோன்ற கூம்பும் எழும். வெளிச்சுவரிலேயே சிற்ப வேலைப்பாடு இருக்கும். இஸ்பஹானிலோ கல்லுக்கு மாறாகச் செங்கல். கூம்புக்கு மாறாகப் பாரசீகக் குவிமாடம். சிற்பத்திற்கு மாறாக வெற்றுச் சுவர்.

கதவைக் கடந்து உள்ளே சென்றால் வேறோர் உலகம். சுவரின் அடிப்பகுதி முழுவதும் பாரசீகப் பூங்கொடிகள் படர்ந்த வண்ண மெருகோடுகள். அவற்றுக்கு மேலே விவிலியக் கதைகளைச் சொல்லும் ஓவியங்கள், இத்தாலிய, ஃபிளெமிய ஓவியர்களின் போக்கைத் தழுவியவை. அதற்கும் மேலே குவிமாடத்தின் உட்புறம் நீலமும் பொன்னுமாகச் சுழலும் கொடிக்கோலம். உலகப் படைப்பும் ஆதம், ஹவ்வா இருவரும் சோலையினின்று வெளியேற்றப்பட்டதும் அங்கே தீட்டப்பெற்றுள்ளன. இறுதித் தீர்ப்பு நாளைக் காட்டும் பெருஞ்சுவரோவியம் ஒன்று. ஆர்மீனியருக்குக் கிறித்தவம் கொணர்ந்த புனித கிரிகோரி பட்ட துன்பங்களைக் காட்டும் ஓவியவரிசை மற்றொன்று. வழிபாட்டுப் பீடம் தரையினின்று மேடைபோல் உயர்ந்திருக்கும். கிரேக்க, இரசிய ஆலயங்களில் பீடத்தை மறைத்து நிற்கும் திருவுருவச் சுவர் ஆர்மீனிய ஆலயங்களில் இல்லை, திரைச்சீலையே உண்டு. வழிபாட்டின் சில கட்டங்களில் திரை மூடும், மீண்டும் விலகும்.

புறத்தே பள்ளிவாசலின் முகம், அகத்தே பேராலயத்தின் நெஞ்சு. இதனை 'அடிமைப்பட்டோரின் அச்சம்' என்று விளக்குவார் சிலர். ஆட்சியாளருக்கு அஞ்சித் தம் அடையாளத்தை மறைத்துக் கட்டினர் என்பது அவர் கருத்து. எனக்கு அவ்விளக்கம் போதவில்லை. மறைக்க எண்ணியவர் உச்சியில் சிலுவையை ஏன் நட்டனர்? உண்மை மிக எளியது என்று தோன்றுகிறது. எந்த ஊரில் கட்டுகிறோமோ அந்த ஊர்க் கொத்தனே கட்டுகிறான். அவன் கை அறிந்த வடிவமே எழுகிறது. இதற்குச் சான்று தேடி ஈரானுக்குப் போக வேண்டுவதில்லை. இஸ்பஹான் பேராலயம் எழுந்த அதே பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்தது வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்பெறும் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளி. அதன் கற்றூண்களையும் போதிகைகளையும் கூரையின் கல்வேலையையும் நோக்குக. உருவச் சிலைகள் இல்லை என்பதொன்றே அதனைக் கோயில் மண்டபத்தினின்றும் பிரித்துக் காட்டும். தமிழ்த் தச்சனின் உளி தொழுகைக் கூடத்தைச் செதுக்கியது; பாரசீகக் கொத்தனின் கரண்டி தேவாலயத்திற்குக் குவிமாடம் எழுப்பியது. கீழக்கரைப் பள்ளியைக் கண்டு 'அச்சத்தால் கோயில் போலக் கட்டினர்' என்று எவரேனும் சொன்னால் நாம் ஏற்போமா? பிறர்க்கும் அவ்வளவையே வைத்து அளத்தல் முறை.

அப்பேராலயத்தின் மற்றொரு சிறப்பைத் தமிழ்த்துறை மலரில் குறிப்பிடாது விடுதல் ஆகாது. ஆயர் கச்சதூர் கெசராட்சி என்பார் தம் துறவியரைக்கொண்டு அச்சுப்பொறி, எழுத்து, தாள், மை அனைத்தையும் அங்கேயே செய்வித்து, 1638ஆம் ஆண்டில் திருப்பாடல் நூலை அச்சிட்டார். ஈரான் மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. அதற்கு அறுபதாண்டுகளுக்கு முன்னரே, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சேறிவிட்டது என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் நம் முதல் நூலை அயல்நாட்டுப் பாதிரிமார் அச்சிட்டனர். அவர்களோ தம் நூலைத் தம் கையாலேயே அச்சிட்டனர். பேராலய வளாகத்து அருங்காட்சியகத்தில் அந்த அச்சுக் கூடத்தின் நினைவும், நூற்றுக்கணக்கான கையெழுத்துச் சுவடிகளும் இன்றும் காக்கப்படுகின்றன.

அந்த அச்சு வேட்கை கடல் கடந்து சென்னைக்கு வந்தது. வந்த வழி வருத்தத்திற்குரியது. ஷா அப்பாஸுக்குப் பின் வந்தோர் எல்லாரும் அவரைப்போல் இல்லை. வரிச்சுமை ஏறியது, சமய நெருக்கடியும் வந்தது, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நாதிர் ஷாவின் பணப்பறிப்புத் தாங்காது ஜுல்ஃபா வணிகர் பலர் இந்தியத் துறைமுகங்களை நாடினர். முன்னரே இங்கு வணிகம் செய்துவந்த உறவினரோடு சேர்ந்தனர். 1772ஆம் ஆண்டில் ஷாஹமீர் ஷாஹமீரியன் குடும்பத்தார் சென்னையில் ஆர்மீனிய அச்சகத்தை இயக்கினர். விடுதலை பெற்ற ஆர்மீனியா ஒன்று அமையுமாயின் அது எவ்வாறு ஆளப்படவேண்டும் என்று சட்ட வரைவு ஒன்றினையும் அவ்வச்சகம் வெளியிட்டது. மன்னரில்லாது, மக்கள் தேர்ந்தெடுக்கும் அவையால் ஆளப்பெறும் நாட்டை அவர்கள் கனவு கண்ட இடம் நம் சென்னை. நாடற்ற மக்கள் தம் நாட்டுக்குச் சட்டம் எழுதியது பாரிமுனைக்கு அருகே என்பதை எத்தனை பாடநூல்கள் சொல்கின்றன?

அடுத்து வந்தவர் அருட்தந்தை ஹாருத்யூன் ஷ்மாவோனியன். ஷிராஸ் நகரில் பிறந்தவர். இரு மைந்தரை அடுத்தடுத்து இழந்த துயரால் உலகை வெறுத்துத் தர்வேஷ்களிடையே ஒதுங்கி வாழ்ந்து, அங்கே பாரசீக மொழியில் புலமை பெற்றவர். ஒரு கிறித்தவக் குருவின் துயரை ஆற்றியது இஸ்லாமியத் துறவியரின் கூட்டம் என்பதைக் கருதுக. பின்னர்ச் சென்னை ஆலயத்தின் குருவாக வந்து, தாமே அச்சகம் அமைத்து, 1794ஆம் ஆண்டு அக்டோபரில் 'அஸ்தரார்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். உலகில் ஆர்மீனிய மொழியில் தோன்றிய முதல் இதழ் அது. 1796 வரை வந்து நின்றது. அரபு எழுத்தில் நூல்கள் அச்சிட ஆர்க்காட்டு நவாபிடம் இசைவு பெற்றவரும் அவரே. 1824இல் மறைந்த அவருடைய கல்லறை, நாங்கள் நின்ற அதே முற்றத்தில் உள்ளது. ஆர்மீனிய நாட்டிலிருந்து வருவோர் அங்கே மலர் வைத்துச் செல்வதுண்டு. அதன்மேல் நடந்து சென்ற என் மாணவருக்கும் எனக்கும் அவர் யாரென்று அன்று தெரியாது.

சென்னை ஆலயத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வேன். 1688ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினி ஆர்மீனிய வணிகரோடு இலண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்தது. நாற்பது ஆர்மீனியருக்குக் குறையாமல் எவ்வூரில் குடியேறுகின்றனரோ அவ்வூரில் கும்பினியே மரத்தாலான ஆலயம் கட்டித் தரும். குருவுக்கு ஏழாண்டுக் காலம் ஆண்டுக்கு ஐம்பது பவுன் அளிக்கும். பக்தியால் செய்த ஒப்பந்தமன்று இது; அவர்தம் வணிகத் தொடர்புகளைத் தன்பால் இழுக்கச் செய்தது. சென்னையில் முதல் ஆலயம் 1712இல் எழுந்தது. பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த போர்களின் காலத்தில் அது அழிந்தது. 1772இல், ஆர்மீனியரின் இடுகாடும் ஒரு குடும்பத்தாரின் சிற்றாலயமும் இருந்த இடத்தில் இப்போதைய ஆலயம் கன்னி மரியாளின் பெயரால் எழுந்தது. இஸ்பஹானின் குவிமாடம் இங்கே இல்லை; சென்னைக் கொத்தனுக்குத் தெரிந்த சுண்ணச்சாந்தும் வெண்சுவரும் வளைவுத் தாழ்வாரமுமே உள்ளன. முன்னர்ச் சொன்ன விதிக்கு இதுவும் சான்று. மணிகள் மட்டும் பல நாட்டின. 1754ஆம் ஆண்டினது ஒன்று. பத்தொன்பது அகவையில் இறந்த மகனின் நினைவாக 1778இல் அளிக்கப்பெற்றது ஒன்று. 1837இல் இலண்டனில் தாமஸ் மியர்ஸ் பட்டறையில் வார்த்தவை இரண்டு. ஆர்மீனிய எழுத்தோடு தமிழெழுத்தும் பொறித்த மணியும் அவற்றுள் உண்டு. அதனை நேரில் படிக்கும் பேறு எனக்கு இன்னும் வாய்க்கவில்லை; கோபுரத்தின் மரப்படிகளை நோக்கியே திரும்பினேன்.

கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் பெருவணிகரைப் பற்றியும் சில சொற்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726ஆம் ஆண்டில் தம் சொந்தப் பொருளால் பாலம் கட்டியவர் அவர். பரங்கிமலைப் படிகளும் அவர் அமைத்தனவே. 1751இல் இறந்தபோது உடல் வேப்பேரியில் அடக்கமாயிற்று. அவர் விருப்பப்படி இதயம் மட்டும் பேழையில் வைக்கப்பெற்று ஜுல்ஃபாவுக்குச் சென்றது. அவருடைய பாலம் இரு நூற்றாண்டுக்கு மேல் நின்று, 1960களில் புதிய பாலத்துக்கு இடம் விட்டது. புதிய பாலத்தின் பெயர் மறைமலையடிகள் பாலம். தனித்தமிழ் மலையின் பெயர் தாங்கிய பாலத்தருகே, பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மும்மொழியிலும் உஸ்கானின் கொடையைச் சொல்லும் கல் நின்றது. நாள்தோறும் அவ்வழிச் சென்ற எத்தனை இலட்சம் பேர் அதனைக் கண்டிருப்பர்! தமிழில் ஒரு வரி அக்கல்லில் இல்லாதது உஸ்கான் செய்த குறை. அதற்கடுத்த ஏறத்தாழ மூன்று நூற்றாண்டில் அருகே தமிழில் ஒரு விளக்கப்பலகை நடாதது நாம் செய்த குறை.

இனி அந்த மாணவரின் வினாவுக்கு வருவேன். கும்பிட ஆளில்லாத ஆலயத்தை ஏன் காக்க வேண்டும்? சென்னையில் ஆர்மீனியச் சமுதாயம் என்று சொல்லத்தக்க ஒன்று இன்று இல்லை. கொல்கத்தாவிலுள்ள ஆர்மீனியத் திருச்சபைக் குழுவினர் பொருள் அனுப்பிக் காத்து வருகின்றனர். அங்கிருந்து குரு வரும்போதே வழிபாடு. அவர்கள் கைவிட்டால் யார் பொறுப்பு?

இதனை நான் நம் அவையில் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. மக்களை இழந்த வழிபாட்டிடத்தின் துயர் என்ன என்பது நமக்குப் புதிதன்று. 1992ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அயோத்தியில் பாபர் பள்ளிவாசல் இடிக்கப்பட்டபோது, அவ்வூரை ஒருபோதும் காணாத தருமபுரி முதியவர் ஒருவர் என் முன்னே வாய்விட்டழுதார். கல்லும் சுண்ணாம்பும் போனதற்காகவா அழுதார்? அந்நோவை உணர்ந்தவர் பிறருடைய ஆலயத்தைப் பற்றிப் பேசும்போது நாவை அடக்கிப் பேச வேண்டும் என்பது என் கருத்து. கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோஃபியா 537ஆம் ஆண்டு முதல் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவரின் தலைப் பேராலயமாக இருந்தது. 1453இல் பள்ளிவாசல் ஆயிற்று. 1934இல் எடுத்த முடிவின்படி அருங்காட்சியகம் ஆயிற்று. 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசல் ஆயிற்று. அப்போது மகிழ்ந்தவர் நம்மிடையே உண்டு. நான் மகிழவில்லை. ஜெருசலேமில் தொழுகை வேளை வந்தபோது, தாம் தொழுதால் பின்வருவோர் அதனைக் காரணமாக்கித் தேவாலயத்தைக் கைக்கொள்வர் என்று கருதி, கலீஃபா உமர் வெளியே சென்று தொழுதார் என்னும் செய்தியை மீலாது மேடைதோறும் சொல்கிறோம். மடங்களையும் தேவாலயங்களையும் யூதர் ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அவற்றின் பாதுகாப்பைப் பேசும் இறைவசனம் ஹஜ் அத்தியாயத்தில் உள்ளது. மேடையில் சொல்வதற்கும் 2020இல் மகிழ்ந்ததற்கும் இடையே எவ்வாறு பொருத்தம் காண்பது? இஸ்தான்புல்லைவிட இஸ்பஹானே எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. ஆட்சிகள் மாறின, அரசமரபுகள் மாறின, 1979இல் புரட்சியும் வந்தது. பேராலயம் பேராலயமாகவே இருக்கிறது. அங்குள்ள ஆர்மீனியர் தொகை குறைந்துவிட்டது என்பதும், எல்லாக் காலத்திலும் அவர் நலமாக வாழவில்லை என்பதும் மறுக்க முடியாதன. ஆயினும் ஆலயம் அவர்களுடையதாகவே உள்ளது.

ஆலயம் போனால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களின் பழைய ஊரே சான்று. அராஸ் ஆற்றங்கரைப் பழைய ஜுல்ஃபாவில், ஊர் அழிந்த பின்னும் இடுகாடு மட்டும் நானூறு ஆண்டுகள் நின்றது. 'கச்கார்' என்னும் சிலுவைக் கற்கள் ஆயிரக்கணக்கில் அங்கே நடப்பட்டிருந்தன. ஆளுயரக் கல்லில் நுண்ணிய பின்னல் வேலையோடு சிலுவை செதுக்கி, இறந்தார் பெயரைப் பொறிப்பது அவர் மரபு. அவ்விடம் இன்று ஆசர்பைஜான் நாட்டின் நக்ஷிவானில் உள்ளது. 1998 முதல் சிறிது சிறிதாக அகற்றப்பட்ட அக்கற்களின் எச்சம், 2005 டிசம்பரில் உடைத்து நொறுக்கப்பட்டது. ஆற்றின் மறுகரையான ஈரானிலிருந்து அதனைப் படம் பிடித்தனர். அந்நாட்டரசு மறுத்தது; செயற்கைக்கோள் படங்களோ இடுகாடு இருந்த இடம் வெறுந்தரையாகிவிட்டதைக் காட்டுகின்றன.

இதனைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நினைவே வந்தது. நடுகல்லின் நாடு தருமபுரி. ஆநிரை மீட்டுப் பட்ட மறவனுக்குக் கல் நட்டு, பெயரும் ஊரும் மன்னனின் ஆட்சியாண்டும் பொறித்த மண் இது. பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் இப்பகுதியில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடந்தன. 1970களில் தொல்லியல் துறையினர் ஊரூராகச் சென்று படியெடுத்துத் தொகுத்திராவிட்டால், அவற்றுட் பல துவைகல்லாகவும் மதகுக் கல்லாகவும் போயிருக்கும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவற்றுட் சில இன்று நிற்கின்றன. அக்கற்களில் உள்ள மறவரின் கொடிவழியினர் யாரென்று எவருக்கும் தெரியாது; படையலிட வருவாரும் பெரும்பாலும் இல்லை. ஆளில்லை என்று அவற்றை எறிந்துவிட எந்தத் தமிழாசிரியரும் உடன்படார். நம் நடுகல்லுக்கு ஒரு நீதி, ஆர்மீனியரின் கல்லறைக்கு வேறொரு நீதி என்று சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை. பென்னாகரம் மாணவருக்கு ஊர் திரும்பியபின் இதனையே சொன்னேன். அவர் சற்று எண்ணிவிட்டு, "எங்கள் ஊர் ஏரிக்கரையில் இரண்டு கல் கிடக்கிறது ஐயா, யாரும் படியெடுத்ததாகத் தெரியவில்லை" என்றார். அடுத்த வாரமே போய்ப் பார்த்தோம். ஒன்றில் எழுத்துத் தேய்ந்துவிட்டது. மற்றொன்றில் வில்லேந்திய உருவம் நன்றாகவே உள்ளது.

தமிழ்த்துறைகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கிறித்தவரின் தமிழ்த்தொண்டு என்றால் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் என்று மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். தமிழில் நூல் எழுதாதவர் நம் கணக்கில் வருவதில்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தம் மொழிக்கு முதலிதழ் தந்தவர் கதை தமிழருக்கு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். பதிலுக்கு ஒன்று கேட்பேன். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நம்மவர் நடத்திய இதழ்களை அந்நாட்டார் பேணிக் காக்கவேண்டும் என்று நாம் மாநாடுதோறும் தீர்மானம் போடுவது எந்த முறையில்? ஆகவே அந்த மணியிலுள்ள தமிழெழுத்தை உரியவர் இசைவோடு முறையாகப் படியெடுத்து வெளியிட வேண்டும். சைதாப்பேட்டைக் கல்லின் பாரசீக வரிகளைப் படிக்க வல்ல அரபு, பாரசீகத் துறைகள் சிறுபான்மையினர் கல்லூரிகளில் உள்ளன. அவை தமிழ்த்துறையோடு கூடி அதற்குத் தமிழாக்கம் செய்தல் வேண்டும். இவ்விரண்டும் ஓராண்டில் முடியக்கூடிய பணிகள். பெரும்பொருள் வேண்டுவனவும் அல்ல.

தெருவின் பெயரை மாற்றவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அயலான் பெயர் நாவில் நுழையாதபோது அவனை அரண்மனைக்காரன் ஆக்கிக்கொண்ட நம் முன்னோரின் பிழை எனக்குப் பிடித்திருக்கிறது. பலகையில் அப்பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 'ஆர்மீனியர் தெரு' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மறுமுறை மொரப்பூரில் வண்டியேறும்போது, மணிக்கோபுரத்தில் ஏறிப் பார்க்க முன்னதாகவே கடிதம் எழுதி இசைவு கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அம்மாணவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். படியெடுக்கத் தாளும் மையும் தாமே கொண்டுவருவாராம்.